முதலிடம் பிடித்த குறட்டை

சலவைக்கடை ரேடியோவில் தன் கணவரின் குறட்டை கேட்டபோது, பெரியம்மாவின் கையில் யாருடைய கல்யாணக் கோட்டோ இருந்தது. அது நழுவிக் கீழே விழுந்தது.

'கொர்ர்ர்' என்று ஒரு இழுப்பு, 'புஸ்ஸ்' என்று ஒரு விடுப்பு, நடுநடுவே டிரம். அதற்கு மேல் ஒரு பெண், "எழுந்திரு மாமா, எழுந்திரு" என்று குழைந்து குழைந்து பாடினாள்.

"சூப்பரா இருக்கில்ல?" என்றாள் கோட்டு வாங்க வந்தவள். "எங்க வீட்டுக் குழந்தை இந்தக் குறட்டைப் பாட்டைப் போட்டாத்தான் சாப்பிட வாயையே திறக்குது. நீங்க கேட்டதில்லையா?"

கேட்டதில்லையாவா! கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட குறட்டை. ஆள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

தங்கை மகன் பெரியம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் பெரியம்மா ஆகிவிட்டாள். கணவர் நூலகத்தில் வேலை பார்த்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ராத்திரியானால் கூரையைப் பிய்க்கிறார் என்பது பெரியம்மாவின் ஒரே புகார். தூக்கம் கலைந்து திடுக்கென்று எழுந்து பார்ப்பாள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல முழித்துக்கொண்டிருப்பார்.

"நான் எங்கேம்மா குறட்டை விட்டேன்?"

"பண்றதையும் பண்ணிட்டு நடிப்பு வேற!"

ஒருநாள் இரண்டு தலையணைக்கும் நடுவே போனை வைத்து, ராத்திரி முழுக்கப் பதிவு செய்தாள். காலையில் காப்பியோடு அதையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். சிரித்தார். "சரிம்மா, ஒத்துக்கறேன். நான்தான்" என்றார். வழக்கு முடிந்தது.

அவர் போனபின் வீடு பொறுக்க முடியாத அமைதியாகிவிட்டது. பெரியம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பதிவைத் தலைமாட்டில் ஓடவிட்டால்தான் கண் சொக்கும். இரண்டு கொர்ர் கேட்பதற்குள் தூங்கிவிடுவாள். போன் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் பயந்துபோய், பாட்டு போடும் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தங்கை மகனிடம், "பத்திரமா எடுத்து வைடா" என்று கொடுத்தாள். அவன் வைத்த பத்திரம் இப்போது ஊர் உலகமெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டா, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"பெரியம்மா, கோச்சுக்காதீங்க. சும்மா விளையாட்டாப் பண்ணினேன். இப்ப எட்டாவது இடத்துல இருக்கு! பெரியப்பாவுக்குச் சமர்ப்பணம்னு அவர் பேரையும் போட்டிருக்கேன்."

"பேரு வேறயா! எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கறாங்கடா. செத்துப்போன மனுஷனைப் பார்த்து யாராவது சிரிப்பாங்களா?"

"செத்துப்போனது அவங்களுக்குத் தெரியாதே. நான் போட்டுடறேன்."

போட்டான். 'இந்தக் குறட்டைக்குச் சொந்தக்காரர் இன்று நம்மிடையே இல்லை' என்று ஒரு வரி. அவ்வளவுதான், ஜனங்கள் அழுதுகொண்டே ஆட ஆரம்பித்தார்கள். பாட்டு மூன்றாம் இடத்துக்கு ஏறியது. நூலக வாசலில் பூங்கொத்துகள் குவிந்தன. அஞ்சலி என்ற பெயரில் யாரோ வாசகசாலைக்குள்ளேயே ஸ்பீக்கரை வைத்து அலறவிட்டார்கள். ஒரு நாற்காலி இழுபடும் சத்தத்துக்கே முகம் சுளிக்கிற மனிதர் வேலை பார்த்த இடம் அது.

பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானம் போனால் என்னோடு போகட்டும் என்று ரேடியோ நிலையத்துக்கே போன் செய்தாள். நேரலையில் இணைத்துவிட்டார்கள்.

"அது அவர் குறட்டையே இல்ல," என்றாள் மூச்சிரைக்க. "அவர் ஜென்மத்துல குறட்டை விட்டதில்ல. அது என்னோடது. சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கோங்க!"

அறிவிப்பாளர் சந்தோஷத்தில் கத்தியே விட்டார். மறுநாள் பாட்டு முதலிடம். சலவைக்கடை முதலாளி வாசலில், 'குறட்டை ராணி இங்கேதான் வேலை செய்கிறார்' என்று பலகை மாட்டினார். அழுக்கே இல்லாத சட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா, ஒரே ஒரு கொர்ர்... என் பொண்ணுக்காக."

பெரியம்மா விட்டாள். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, கண்ணில் நீர் முட்ட, கேட்டவர்களுக்கெல்லாம் கொர்ர் விட்டாள். அவர் பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது. யாரும் இப்போது அவரைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த உலகத்தில் அவர் விட்டுப்போன ஒரே ஒரு சத்தம். அதையும் அவருடையது இல்லை என்று தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. படுத்தால், பதிவைக் கேட்கவும் கூசியது. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

கடைசியில் ஒரு மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். தங்கை மகன் நாற்காலியை இழுத்துப் போட்டான். மூலையில் ஒலிப்பதிவாளர், காதில் ஹெட்போனோடு ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன்டா. ரேடியோவுல நான் சொன்னது பொய். அது அவரோட குறட்டைதான். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதையும் நானே இல்லைன்னு சொல்லிட்டேன். திரும்ப ரேடியோவுக்குப் போன் போடு. அவர் பேரையே போடச் சொல்லு."

தங்கை மகன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு என்னோடதுதான் பெரியம்மா. முழுப் பதிவையும் நான் கேட்கக்கூட இல்ல. அப்படியே அவர்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டேன்," என்று மூலையைக் காட்டினான்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி, அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்க ரேடியோவுல சொன்னது பொய்யாம்மா? நாலஞ்சு கொர்ருக்கு ஒரு தடவை ஒரு ஆம்பளைக் குரல் மெதுவா, 'கொஞ்சம் ஒருக்களிச்சுப் படும்மா'ன்னு விடியவிடியச் சொல்லிக்கிட்டே இருக்கே, அதை வெட்டி எடுக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு!"