நான் சொன்ன ‘ஓம்’ பொய்யாம்

உரும்பிராய்.

அன்புள்ள மருமகன் நிருஷனுக்கு, மாமா நடராசா எழுதிக்கொள்வது.

நல்லூரான் கிருபையால் நீர் கனடாவில் சுகமாயிருப்பீர் என நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உம்முடைய மாமி வீட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு அரியாலைக்கு, தமக்கை வீட்டுக்குப் போய்விட்டா. எல்லாம் திருவிழாவுக்கு வந்த நீர் என் போனில் போட்டுவிட்டுப் போன, குரலைக் கேட்டுப் பொய் பிடிக்கிற அந்தச் சனியனால் வந்த வினை. போனைத் தொடவே பயமாயிருப்பதால்தான் கடிதம் எழுதுகிறேன்.

உண்மைக்குப் பச்சை, பொய்க்குச் சிவப்பு என்றீர். முதலில் தரகர் கிறிஸ்துநாயகத்தைச் சோதித்தேன். வாயில் கள்ளு மணக்க மணக்க, “நான் குடியை விட்டுக் கனகாலம்” என்றார், பச்சை காட்டியது, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லையே, அதை மாமிக்குக் காட்டப் போனேன், புட்டு அவித்துக்கொண்டிருந்த மனுசி திரும்பி, “இஞ்சேருங்கோ, நான் செத்தால் அழுவியளோ?” என்று கேட்டா. கல்யாணம் கட்டிய நாள் தொட்டு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை, “ஓம்” என்றேன், சிவப்பு. பதறிப்போய், “உம்மிலை எனக்குச் சரியான விருப்பம்” என்றேன், அதுவும் சிவப்பு. ஆத்திரத்தில், “விசர்க்கதை கதையாமல் புட்டைப் போடும்” என்று கத்தினேன், அதற்கு மட்டும் பச்சைப்பசேலென்று காட்டியது. மாமி அகப்பையை வைத்துவிட்டுப் பையை எடுத்தா.

பிறகுதான் விளங்கியது, அது பொய்யைப் பிடிக்கவில்லை, நடுக்கத்தைப் பிடிக்கிறது. பழகின பொய்யனுக்குக் குரல் நடுங்காது. முதல்தடவையாக அன்பாய்க் கதைக்கிறவனுக்கு நடுங்காமல் என்ன செய்யும்? இதை அரியாலைக்குப் போய்ச் சொன்னேன். தமக்கைக்காரி படலையைத் திறக்காமலே, “உங்களைவிட மிசின் படிச்சது” என்றா. தனிய இருந்து சாப்பிட எனக்குத் தெரியாது மருமகன். வீடு வீடாயில்லை.

ஆகவே நீர் மாமிக்குப் போனில் கோல் எடுத்து, அந்த மிசின் சுத்தப் பொய், நம்ப வேண்டாம் என்று சொல்லும். நீர் சொன்னால் கேட்பா. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். எங்கள் என்று எழுதிவிட்டேன், இப்போதைக்கு என்னுடையது மட்டும்.

இப்படிக்கு,
மாமா நடராசா

பி.கு.: மாமிக்குக் கோல் எடுக்க வேண்டாம். கடித உறையை ஒட்ட முன் அவவே எனக்குக் கோல் எடுத்தா. “இனி உங்கடை முகத்திலை முழிக்கமாட்டன், அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்” என்றா. சொல்லி முடிக்குமட்டும் போனில் சிவப்பு அணையவேயில்லை. அருமையான மிசின் மருமகன், அதில் ஒரு குறையும் கிடையாது. நான் அரியாலைக்குப் போகிறேன்.