மாடியறைக்கு வியர்த்த கதை

பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கான்கிரீட்டில் கலந்து சுவர் எழுப்பினால் வெயில் உள்ளே வராது என்று எங்கள் அலுவலகப் பொறியாளர் கண்டுபிடித்தார். சுற்றறிக்கையில் பிளாஸ்டிக் என்றிருந்த இடமெல்லாம் அடித்து 'நெகிழி' என்று திருத்தியது, அந்தத் திட்டத்துக்கு நான் ஆற்றிய தொண்டு.

முன்மாதிரிக்கு என் வீட்டு மாடியறை தேர்வானது. அங்கேதான் என் மனைவி தையல் மெஷின் போட்டுப் பிழைப்பு நடத்துகிறாள். கோடையில் கத்தரிக்கோலைத் தொட்டால் கை சுடும். புதுச் சுவர் வந்தபின் உச்சிவெயிலிலும் வியர்க்காமல் தைத்தாள். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக என் உத்தியோகத்தை மதித்தாள்.

அலுவலகத்துக்கு அது பொறுக்குமா? ஆய்வுக்குழு வந்தது. குழுவினர் அனைவரும் அறைக்குள் அமர்ந்து, கதவு சன்னல்களைச் சாத்திவிட்டே வெப்பத்தை அளக்க வேண்டும் என்பது விதி. விதியை வரைந்தவன் அடியேன். தையல் மெஷின் வராந்தாவுக்குப் போனது. தலைவர், துணைத்தலைவர், அவரவர் உதவியாளர், வேலையில்லாததால் வந்தவர்கள் என அறை நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் வெப்பமானி ஏறத் தொடங்கியது.

"வெளியவே தேவலாமே," என்றார் தலைவர், கழுத்தைத் துடைத்தபடி.

"சார், இது நம்ம உடம்புச் சூடு. உள்ள இருக்கறதையும் இந்தச் சுவர் வெளிய விடாது," என்றார் பொறியாளர்.

"அப்ப குத்தம் சுவர்மேலதான்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

சூடு வெளியேறச் சுவரில் துளையிடுவதென்று முடிவாயிற்று. 'உட்புற வெப்பம் யாதொரு தடையுமின்றி வெளியேறும் பொருட்டு' என்று தொடங்கும் அந்த ஆணையும் என் கைவண்ணமே. இப்போது படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

குழு போனது; துளை வழியே வெயில் வந்தது. மனைவி சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல சுவருங்க. வெயிலத் தடுத்துச்சு. உங்க ஆபீஸத்தான் தடுக்க முடியல."

முன்மாதிரி வீட்டில் துளை இருக்கிறதே என்று தெருக்காரர்களும் தங்கள் செங்கல் சுவர்களில் துளை போட்டுக்கொண்டார்கள். தலைவர் வீட்டிலும் அழகாகப் போட்டிருப்பதாகக் கேள்வி. இப்போது எல்லார் வீட்டிலும் வெயில்.

மனைவிக்குக் கை ஓயாத வேலை. துளைகளை மறைக்கத் தடித்த திரை வேண்டுமென்று தெருவே வந்து நிற்கிறது. தலைவர் வீட்டிலிருந்தும் அளவு வந்திருக்கிறது. வராந்தாவில் உட்கார்ந்து தைக்கிறாள். திரைக்குள் எதை வைத்துத் தைக்கிறாய், சூடே தெரியவில்லையே என்று கேட்டேன்.

"பழைய பிளாஸ்டிக் பைதான்," என்றாள்.

நான் திருத்தவில்லை.