மூலிகை பறித்த மாவீரன்

மனிதகுலம் முன்னேறுவதற்குத் தேவையான ஒரே பண்பு பொறுமை. அது எனக்கு 2004ஆம் ஆண்டு, இலங்கையின் தெரணியகலையில், மர்சூக் நானாவின் மாலைநேரக் கம்பியூட்டர் வகுப்பில் கைகூடியது. என் அறிவில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. பொறுமையில் மட்டும் இல்லை.

டிசம்பர் பரீட்சையில் தேறினால் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் வேலை கேட்கலாம். தவறினால் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்து அம்மாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். இது வீட்டில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம். நானோ இரண்டாம் வாரமே உயர்கல்விக்கு மாறிவிட்டேன்.

நானாவின் மகன் அப்ஹம் மூலைக் கம்பியூட்டரில் ஒரு விளையாட்டைப் போட்டிருந்தான். அதில் நாம்தான் மாவீரன். ஆனால் கிராமத் தலைவருக்கு ஒரு மூட்டை மூலிகை பறித்துக் கொடுத்தால்தான் வாள் கிடைக்கும். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கொட்டாவி விட்டு எழுந்து போனார்கள்.

"தொடக்கம் அப்பிடித்தான் மச்சான். பொறுத்தியெண்டா பொறகு எழும்பவே மனசு வராது," என்றான் அப்ஹம்.

நான் பொறுத்தேன். முறையாகவும் பறித்தேன். ஒரு செடியில் கிள்ளினால் ஏழு நாள் கழித்துத்தான் அதை மறுபடி தொடலாம் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவீரனைச் சத்திரத்தில் ஏழு இரவு உறங்க வைத்தேன். ஒவ்வோர் இரவும் திரை மெல்ல இருண்டு, மெல்ல விடிந்தது. மற்ற மாணவர்கள் 'தட்டச்சு' என்ற அற்ப விஷயத்தில் காலத்தை வீணடித்துக் கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் அப்ஹம் எட்டிப் பார்த்தான்.

"என்னடா, இன்னும் வாள் எடுக்கல்லியா?"

"ரவுண்டு வரலியே."

"என்ன ரவுண்டு?"

"கொழுந்து திரும்ப வர ஏழு நாள் வேணும்ல?"

"டேய், இது கம்பியூட்டர் செடி. பிச்ச ஒடனே மொளச்சிரும்."

அவன் ஒரே செடியை விடாமல் அமுக்கினான். மூட்டை நிரம்பியது. வாள் வந்தது.

அன்றிலிருந்து விளையாட்டு சுவைத்தது. கோட்டைகள் திறந்தன. கிராமத் தலைவர் என் முன்னால் தலை குனிந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் அந்த மரியாதை துரைக்கு மட்டும்தான். நாட்டை முழுவதுமாக மீட்டுவிட்டுத் திரும்பினால் பரீட்சை நின்றுகொண்டிருந்தது. சம்பளக் கணக்கைக் கூட்டச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் வாள் வீசும் பொத்தானை அமுக்கினேன். கணக்கு மொத்தமாக அழிந்தது.

"இவ்வளவு நாளா அங்க என்னதான்டா செஞ்ச?" என்று அம்மா கேட்டார்.

"எல பறிச்சேன்ம்மா."

"அதுக்கு எதுக்கு பஸ் ஏறிப் போன?"

பேர் பதிந்த காலையில் கணக்கப்பிள்ளை என் தோளில் தட்டினார். "மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும் தம்பி. போகப் போக நல்லா வரும்."

அம்மா அனுபவசாலி என்பதால் அவரிடம் விவரம் கேட்டேன். "எப்பம்மா நல்லா வரும்?"

அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"தெரியலப்பா. நானே இன்னும் ஆரம்பத்துலதான் நிக்கிறேன்."