புள்ளியைத் தள்ள அதிகாரம் இல்லை

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால், அவர்கள் குறைந்தபட்சம் இரண்டு பேராக இருக்க வேண்டும் என்பது அரசு நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் கொள்கை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் கிளமென்டும், உறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் லிசியும் இந்தக் கொள்கையைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கோயிலில் ஃபாதர் முன்னால் இரண்டு பேராகத்தான் நின்றார்கள். ஃபோட்டோவிலும் இரண்டு பேர்தான் விழுந்திருந்தார்கள்.

கிளமென்டின் வீடு ஒரு ஹாலும் ஓர் அடுப்படியும். கல்யாணமான நாளிலிருந்து லிசி மாமியாரோடு அடுப்படியில் படுத்தாள். கிளமென்ட் அப்பாவோடும் தம்பிகளோடும் ஹாலில் படுத்தான். இருவரும் தனியாகப் பேசிக்கொள்வது பஸ் ஸ்டாப்பில் மட்டும்தான். அப்போது ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்று காலியானது. திருமணப் பதிவுச் சான்றிதழ் காட்டினால் சாவி. மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் சாவி அடுத்தவருக்கு.

ஆகவே ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மாவட்டக் குடிமை எண் மற்றும் குடும்பப் பதிவு மையத்துக்கு வந்தார்கள். அங்கே கண்காணிப்பாளர் பானுமதி. மிகவும் கண்ணியமானவர். யாரையும் 'போங்க' என்று சொன்னதில்லை; 'நாளைக்கு வாங்க' என்றுதான் சொல்வார்.

பானுமதி இருவர் பெயரையும் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைப் பார்த்தார். இருவரையும் பார்த்தார்.

"மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்."

"என்னங்க சொல்றீங்க?" என்றான் கிளமென்ட்.

"அவங்களுக்கும் குடிமை எண் 5.32E+11. உங்களுக்கும் 5.32E+11. ஒரு குடிமகன் தன்னைத்தானே கல்யாணம் பண்ணிக்கச் சட்டத்துல இடமில்லைங்க."

லிசி சிரித்துவிட்டாள். "மேடம், அது சுருக்கி எழுதினது. பன்னிரண்டு இலக்கம் கட்டத்துல கொள்ளாம கம்ப்யூட்டர் சுருக்கிடுச்சு. E+11-னா புள்ளியைப் பதினோரு இடம் வலது பக்கம் தள்ளணும். தள்ளினா முழு எண்ணும் வந்துரும்."

"புள்ளியைத் தள்ள எனக்கு அதிகாரம் இல்லைங்க. புள்ளி மேலிடத்துல இருந்து வருது."

லிசி கெஞ்சினாள். பானுமதி இரக்கமுள்ளவர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தன் சொந்தப் பொறுப்பில் புள்ளியைத் தள்ளினார். இருவர் பெயருக்கும் நேரே 532000000000 என்று வந்தது.

"பாத்தீங்களா? நீளமா எழுதினாலும் ஒரே ஆள்தான்."

"ஐயோ, எங்க நம்பர்ல இத்தனை சைபர் இல்லவே இல்லை! நம்ம மாவட்டத்துல எல்லாருக்கும் 532-லதான் ஆரம்பிக்கும். ஃபைலைச் சுருக்கின வடிவத்துலயே சேமிச்சிருக்காங்க. பின்னாடி இருந்த ஒன்பது இலக்கமும் அழிஞ்சு போச்சு."

"அழியலைங்க. மேலிடம் அதை முழுமைப்படுத்தியிருக்கு."

லிசி தன் குடிமை எண் அட்டையை நீட்டினாள். அதில் பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று இருந்தன. பானுமதி அதை வருத்தத்தோடு பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்கும் இதுக்கும் ஒத்துப்போகலையே. அட்டையைத் திருத்திக்கிட்டு வந்துருங்க."

இருந்தாலும் விதிகளில் ஒரு வழி இருந்தது. தாங்கள் இரண்டு பேர் என்று 'இருவர் சான்று' வாங்கலாம். அதற்கு இரண்டு பேரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிளமென்ட் விண்ணப்பித்தான். லிசி விண்ணப்பித்தபோது, 'இந்த எண்ணில் ஏற்கெனவே விண்ணப்பம் உள்ளது' என்று நிராகரிக்கப்பட்டது. கள ஆய்வுக்குப் பின், கிளமென்ட் ஒரே ஒருவர்தான் என்று சான்று வந்தது. முத்திரை மிகவும் தெளிவாக விழுந்திருந்தது.

"இனிமே பேச என்ன இருக்கு?" என்றாள் லிசி. அவள் கண் கலங்கியது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் துறையூர்ப் பக்கத்திலிருந்து காளியாயி என்ற அம்மாள் வந்தார். கணவர் மூக்கன் வயதாகி இறந்துபோனதைப் பதிய வேண்டும். பானுமதி முறைப்படி ஆறுதல் சொல்லி, முறைப்படி 5.32E+11 என்ற எண்ணுக்கு நேரே பதிந்தார். அன்று பிற்பகல் முதல் திருச்சி மாவட்டம் முழுவதும் இறந்துபோனது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் 'ஆழ்ந்த இரங்கல்' என்றது. காந்தி மார்க்கெட்டில் இறந்தவர்கள் இறந்தவர்களுக்கு வெங்காயம் விற்றார்கள். மறுநாள் காளியாயி சான்றிதழ் வாங்க வந்தபோது பானுமதி தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அம்மா, நீங்களும் தவறிட்டீங்க."

"அப்படியா? அப்ப கோழிக்கு யாரு தீனி போடறது?"

பானுமதியால் சான்றிதழும் தர முடியவில்லை. ஏனென்றால் அன்று காலை வருகைப் பதிவு இயந்திரம் அவர் விரலையும் ஏற்கவில்லை. காலஞ்சென்ற அலுவலர் கையெழுத்திட விதியில்லை. ஆனால் காலஞ்சென்றவர் சீட்டைவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்றும் விதியில்லை. ஆகவே அவர் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். மையத்தின் பணிகளில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று வந்துபோனவர்கள் சொன்னார்கள்.

சம்பளப் பட்டியலும் நின்ற பிறகுதான் மேலிடம் விழித்துக்கொண்டது. உடனே ஆணை வந்தது. மூக்கன் நீங்கலாக அனைவரும் உயிரோடிருப்பதாகக் கருதப்படுவர். தொலைந்த ஒன்பது இலக்கங்களைக் குடிமக்களே நிரப்பிக்கொள்ளலாம். எந்த இலக்கம் என்பது அவரவர் விருப்பம்.

மறுநாள் மையத்தின் முன் நின்ற வரிசை காவிரிப் பாலம் வரை போனது. வரிசையின் ஓரத்தில் எண் ஜோதிடர்கள் குடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது ஒன்பதுகள் வேண்டுமென்று ஒரு கூட்டம். கூட்டினால் ஆறு வர வேண்டுமென்று ஒரு கூட்டம். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன எண்ணோ அதைவிட ஒன்று அதிகமாக வேண்டுமென்று பெரும்பான்மையோர். காளியாயி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "எதையாவது போடு தாயி, வெயிலாவுது" என்றார்.

லிசியின் முறை வந்தது. தன் பழைய அட்டையையும் கிளமென்டின் அட்டையையும் எடுத்து வைத்தாள்.

"இதுல இருக்கற எண்ணையே போடுங்க."

"வேற நல்ல நம்பர் எதுவும் வேண்டாமா?" பானுமதிக்கு நம்ப முடியவில்லை. "சொந்த நம்பரே போதும்னு கேட்டது இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தாங்க."

"நம்பர்ல நல்லது கெட்டது கிடையாது மேடம். அது ஆளைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம். அவ்வளவுதான்."

பானுமதி தட்டினார். திரையில் முதல்முறையாக இரண்டு பேர் தெரிந்தார்கள். அன்று மாலையே சான்றிதழ்; மறுநாள் சாவி. பொன்மலைக் குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சினார்கள். நடுவில் மாமனார், மாமியார், தம்பிகள் யாரும் இல்லாமல் இருவரும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். சத்தமாகச் சிரித்தார்கள். லிசிக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பது கிளமென்டுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரோசரி அக்கா கேக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் இருவர் எண்ணையும் வாங்கி விரல்விட்டுக் கூட்டினார். முகம் சுருங்கியது.

"ரெண்டும் கூட்டினா எட்டு வருதேம்மா! சின்னஞ்சிறுசுங்க. மாத்திடுங்க."

லிசி விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டல் என்பது வெறும் கூட்டல்தான் என்று ரோசரி அக்காவுக்கு அரைமணி நேரம் விளக்கினாள். கிளமென்டும் தலையாட்டித் தலையாட்டிச் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை லிசி, பல்வலி என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பத்து ஆள் முன்னால், பணிமனை யூனிஃபார்மோடு ஒருவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். நிற்கிற சாயல் தெரிந்த சாயலாக இருந்தது. லிசி சத்தம் போடாமல் முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.