சொறி மருந்துச் சோதனைக்கு ஆள் கேட்ட கீரி

ஒரு காட்டில் நாற்பத்தெட்டு முயல்களுக்கு ஒரே சமயத்தில் சொறி வந்தது. சிங்கம் ஆண்ட காடுதான். ஆனால் சிங்கத்துக்குச் சொறி வரவில்லை. ஆகவே அது இந்தக் கதையில் வராது. அதன் அலுவலகம் மட்டும் வரும்.

சொறி என்றால் சும்மா அரித்துவிட்டுப் போகிற சொறி இல்லை. காதில் தொடங்கி முதுகு வரை ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். ஐப்பசி மழைக்குள் மறுபடி முளைக்காவிட்டால், குளிரில் விறைத்துப் போகவேண்டியதுதான். முந்தின வருஷம் அப்படிப் பதினோரு முயல்கள் போய்ச் சேர்ந்தன.

முள்ளம்பன்றி டாக்டர் மாசிலாமணி இரண்டு வருஷம் இலை இலையாக அரைத்துப் பார்த்து ஒரு களிம்பு கண்டுபிடித்தார். உடம்பெல்லாம் முள் இருந்தாலும் யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், அதாவது முள்ளம்பன்றி. களிம்புக்குச் சொறி கட்டுப்படும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? சிங்கத்தின் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். சோதித்து நிரூபித்த பிறகுதான் காட்டில் யாருக்கும் கொடுக்கலாம்.

சோதனை இப்படி. இரண்டு பானை. ஒன்றில் களிம்பு. இன்னொன்றில் அதே நிறத்தில், அதே நாற்றத்தில் வெறும் குழம்பு. பாதி முயல்களுக்கு முதல் பானை, மீதிக்கு இரண்டாம் பானை. எதில் எது இருக்கிறது என்று பூசிக்கொள்கிறவருக்கும் தெரியாது, பூசிவிடுகிறவருக்கும் தெரியாது. அந்த ரகசியம் ஆந்தையின் பொந்தில் இருந்தது. காலையும் மாலையும் முப்பது நாள் பூச வேண்டும். ஆறு வேளை தவறிய முயல் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நாற்பது பேருக்குக் கீழே போனால் சோதனையே ரத்து.

பூசிவிட நியமிக்கப்பட்டவள் தில்லைநாயகி என்கிற கீரி. பாம்புக்கடி வார்டில் எட்டு வருஷம் நின்று பழகியவள். முயல்கள் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டன. நாற்பத்தெட்டு முயல், இரண்டு வேளை, ஒரு கீரி.

முதல் வாரம் ஓடி ஓடிச் சமாளித்தாள். ஒவ்வொரு முயலையும் தொட்டு முடித்ததும் சாம்பல் நீரில் கை கழுவுவாள், அடுத்த வளைக்கு ஓடுவாள். எட்டாம் நாள் காலையில் வலது கையைத் தூக்க முடியவில்லை. டாக்டரிடம் போனாள்.

"டாக்டர், இன்னும் ஒரே ஒரு ஆள் கொடுங்க. ஒரு அணில் கிடைச்சாக்கூடப் போதும்."

"நியாயமான கோரிக்கைம்மா," என்றார் மாசிலாமணி. "மேல எழுதிப் பார்க்கிறேன்."

எழுதிப் பார்த்தார். இரண்டே நாளில் ஆள் வந்தது. அணில் இல்லை, நரி. சிங்கத்தின் அலுவலகத்தில் ஆள் திட்ட வல்லுநர், பெயர் குணசீலன். எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிடுவது அவர் தொழில். வாலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு ஆள் வேணும்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?"

"கை வலிக்குது சார்."

"கைவலி ஒரு அளவுகோல் இல்லையே, சிஸ்டர்."

ஒரு கட்டு படிவத்தை எடுத்து நீட்டினார். கால் மணிக்கு ஒரு கட்டம். அந்தக் கால் மணியில் என்ன செய்தாள் என்று தில்லைநாயகி எழுத வேண்டும். தேக்கிலை அளவுக்கு ஒவ்வொரு படிவமும்.

"சார், இதை எழுதற நேரத்தை எந்தக் கட்டத்துல எழுதறது?"

நரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லை. விட்டுடுங்க."

விட்டாள். மூன்று நாள் கழித்து நரி கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, தில்லைநாயகி தினமும் இரண்டரை மணி நேரம் எதுவுமே செய்யாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. தவிர, ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு தடவை கை கழுவுகிறாள்.

"இது பலன் தராத நேரம்," என்று அந்த வரியைச் சிவப்பு மண்ணால் அடித்தார் நரி. "நாளையிலேர்ந்து வேண்டாம்."

"சார், இது தொத்து வியாதி. கழுவலேன்னா பரவும்."

"எழுத்துல கொடுத்திருக்கேன். எழுத்துல இருக்கறதைச் செய்ங்க."

தில்லைநாயகி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல், நரி கண்ணில் படாத ஓடைப் பக்கம் போய்த் தொடர்ந்து கழுவினாள்.

நரியின் அறிக்கை வந்தது. களத்தில் ஆள் போதும் என்றது முதல் வரி. ஆனால் களத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் யாரும் இல்லை என்றது இரண்டாவது வரி. அந்த வாரமே மேட்டுக் குகையில் பதினேழு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். கரடி கண்காணிப்பாளர். குரங்கு பதிவேட்டுப் பொறுப்பாளர். காட்டுப்பன்றி தூய்மை அலுவலர். மரநாய் இந்த மூவரையும் ஒருங்கிணைப்பவர். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பற்றி ஒரு தனி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பதினேழு பேருக்கும் சோதனை என்றால் என்ன என்று வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான். ஆகவே மத்தியானங்களில் தில்லைநாயகி வகுப்பு எடுத்தாள்.

பூசும் வேளைகள் தவறத் தொடங்கின.

கரடி ஒரு புது விதி கொண்டுவந்தது. களிம்பு பூசும் முன் முயல் மூன்று இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். புண்ணான பாதத்தை மையில் தோய்த்தால் எரியும். வரிசை நகராது. வெயில் ஏறும். முயல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. பட்டியல் நாற்பத்தைந்தாக இறங்கியது. பிறகு நாற்பத்து மூன்று. இருபதாம் நாள் நாற்பத்தொன்று.

அன்று மாலை பவளக்கொடி வரிசைக்கு வரவில்லை. மூன்று குட்டி போட்ட முயல் அவள். காது இரண்டும் காய்ந்த இலை போல ஆகியிருந்தன. ஏற்கெனவே ஐந்து வேளை தவறியிருந்தாள். இன்னொன்று தவறினால் நீக்கம். தில்லைநாயகி பானைகளைத் தூக்கிக்கொண்டு அவள் வளைக்கே ஓடினாள்.

"என்னை விட்டுடுங்க சிஸ்டர்," என்றாள் பவளக்கொடி. "நிக்க முடியல. குட்டிங்க பாலுக்குக் கத்துதுங்க, கிட்டச் சேர்க்கவும் பயமா இருக்கு."

"நீ நிக்கவே வேண்டாம். திரும்பிப் படு."

"எனக்குப் பூசறது மருந்தா, வெறும் குழம்பா?"

"தெரியாதுடி. சாமி சத்தியமாத் தெரியாது. வெறும் குழம்பா இருந்தா, சோதனை முடிஞ்சு அனுமதி வந்ததும் முதல் கை களிம்பு உனக்குத்தான். அதுக்குச் சோதனை முடியணும்."

பூசி முடித்துப் படிவத்தை அவளுடைய படுக்கைப் புல் மேல் வைத்துத்தான் கைநாட்டு வாங்கினாள். வேறு இடம் இல்லை. வெளியே வந்தபோது குரங்கு ஒரு ஓலையோடு நின்றுகொண்டிருந்தது. வாராந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு வராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கூட்டத்தின் பொருள், பட்டியல் ஏன் குறைகிறது என்பது. தில்லைநாயகிக்காகக் கூட்டம் மறுநாள் காலைக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. காலைப் பூச்சு முடிந்ததும் அவள் நேராக வர வேண்டும்.

மறுநாள் நாற்பத்தொரு முயல்களுக்கும் விடியலிலேயே தொடங்கி ஒருவழியாகப் பூசி முடித்தாள். நாற்பத்தொரு படிவங்களையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தாள். சாம்பல் அங்கே இருந்தது. தண்ணீரும் இருந்தது.

வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சொறி வராது. இரண்டு பானையிலும் தினமும் கை விடுகிறவள், எது மருந்தாக இருந்தாலும் அது அவள் தோலில் ஊறியிருந்தது. பவளக்கொடி குட்டிகளைத் தள்ளிப் படுக்க வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. நரி எழுதிக் கொடுத்த ஓலையும் நினைவுக்கு வந்தது. எழுத்தில் இருப்பதைச் செய் என்றாரே!

எட்டு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக அவள் கை கழுவவில்லை.

குகைக்குள் போனதும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டாள். ஒவ்வொருவரிடமும் போய், "நேத்து வராததுக்கு மன்னிச்சுக்குங்க," என்று சொல்லி இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கரடியின் உள்ளங்கை பெரிது என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தாள். நரிக்கு இரண்டு முறை. படிவங்களை அவளே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். டாக்டர் மாசிலாமணிக்கு மட்டும் வாசலில் நின்றபடி வணக்கம் வைத்தாள்.

"என்னம்மா, எனக்கு மட்டும் தூரத்துலேர்ந்து?"

"முள்ளு குத்தும் டாக்டர்," என்றாள்.

அதிலிருந்து ஆறாம் நாள், நரி தரையில் குச்சியால் ஒரு பெரிய வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் குச்சியைத் திருப்பி முதுகைச் சொறிந்தார். அடுத்த நிமிஷம் கரடி சுவரில் உரசியது. காட்டுப்பன்றி தரையில் புரண்டது, வரைபடம் அழிந்தது. ராத்திரிக்குள் பதினேழு பேரும் நரியுமாகப் பதினெட்டுப் பேரும் ரோமம் உதிர்த்துக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"களிம்பு குடுங்க டாக்டர்!"

மாசிலாமணி கைகளைப் பிசைந்தார். "சோதனைக்கு வெளியில யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு உங்க ஆபீஸ் விதி. பட்டியல் குறைஞ்சா, சொறி இருக்கிற யாரையும் சோதனையில சேர்த்துக்கலாம்னும் இருக்கு. சேர்றீங்களா?"

சேர்ந்தார்கள். ஆந்தை சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் பானை என்று எழுதி வைத்துக்கொண்டது. நாற்பத்தொன்று ஐம்பத்தொன்பது ஆனது. குணசீலன் வரிசைக்கு வந்தபோது ஐம்பத்தெட்டு பேர் முன்னால் நின்றார்கள்.

"சிஸ்டர், எனக்கு எப்போ வரும்?"

"ஒத்தை ஆள் சார். இந்த வேகத்துல, நாளைக்கு மத்தியானம்."

"வேகம் கூட என்ன வேணும்?"

"ஆள்."

நரி கால் மணிப் படிவம் எதையும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே ஒரு ஓலை கிழித்து, ஒரு கையால் எழுதி, இன்னொரு கையால் சொறிந்தார். வெயில் சாய்வதற்குள் பன்னிரண்டு அணில்கள் வந்து சேர்ந்தன. மூன்று கைநாட்டு ஒன்றாகி, மறுநாள் அதுவும் போனது. கரடி முதல் தடவை மையில் பாதம் வைத்ததும் எழுப்பிய சத்தத்துக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கை கழுவுவது கட்டாயம் என்று ஒரு உத்தரவு வந்தது, நரியின் கையெழுத்தோடு. முயல்களுக்கு வளைக்கே போய்ப் பூச இரண்டு அணில்கள் ஒதுக்கப்பட்டன. அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. பவளக்கொடியும் பட்டியலில் நிலைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து நரி தில்லைநாயகியைத் தனியாக ஒரு புதர்ப் பக்கம் கூப்பிட்டார். கரடிக்கு ரோமம் முளைத்திருந்தது. நரிக்கு வாலில்கூட ஒன்றும் பாக்கி இல்லை.

"எனக்கு எந்தப் பானைன்னு மட்டும் சொல்லிடுங்க."

"எனக்கே தெரியாது சார். தெரியக்கூடாதுங்கறதுதான் விதி."

"பானையை மாத்தியாவது பூசுங்களேன்."

"பூசினா கணக்கு கெட்டுடும். சோதனை ரத்து. அப்புறம் யாருக்குமே மருந்து இல்லை." கொஞ்சம் இரக்கமாகத்தான் சொன்னாள். பானை விஷயத்தில் மட்டும் அவள் யாருக்காகவும் வளையத் தயாராக இல்லை.

புரட்டாசி மூன்றாம் வாரம் கடைசிப் பூச்சு முடிந்தது. ஆந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு பட்டியலைப் படித்தது. முதல் பானை களிம்பு, பூசிக்கொண்ட எல்லோருக்கும் ரோமம். இரண்டாம் பானை வெறும் குழம்பு, யாருக்கும் ஒன்றுமில்லை. பவளக்கொடி இரண்டாம் பானை. குணசீலனும் இரண்டாம் பானை.

ஐப்பசிக்குப் பத்தே நாள். அனுமதி என்பது சிங்கத்தின் அலுவலகத்தில் பதினாலு மேசை தாண்டி வர வேண்டியது. குறைந்தது மூன்று வருஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டாக்டர், அந்தப் புள்ளைக்கு வாக்குக் கொடுத்துட்டேன்," என்றாள் தில்லைநாயகி.

மாசிலாமணி பதில் சொல்வதற்குள் குணசீலன் அறிக்கையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அம்மணமாக ஓடினார். பதினாலு மேசையையும் பதினாலு அதிகாரிகளையும் சுற்றி வந்தார். ஒவ்வொரு மேசையிலும் சாய்ந்து நின்று, நன்றாக உரசி, "படிச்சுப் பார்த்து நிதானமாக் கையெழுத்துப் போடுங்க, நான் இங்கேயே இருக்கேன்," என்றாராம். யாரும் படித்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் அனுமதி வந்தது.

முதல் கை களிம்பைத் தில்லைநாயகி பவளக்கொடிக்குப் பூசினாள். இரண்டாவது கைக்கு நரி காத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி பிறந்து முதல் மழை அடித்தபோது பவளக்கொடியின் முதுகில் விரல் கனத்துக்கு ரோமம் இருந்தது. மூன்று குட்டிகளும் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கின.

அந்த வருஷம் சிறந்த ஆள் திட்டத்துக்கான விருது குணசீலனுக்குக் கிடைத்தது. நோயாளியின் கஷ்டம் தெரிந்துகொள்ள அவர் தாமாகவே நோயை வாங்கிக்கொண்டார் என்று பாராட்டுரையில் இருந்தது. தில்லைநாயகி கைதட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "அவர் உங்களோட வேலை செஞ்சவராமே!" என்று கேட்டுக் கையை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

நீதி: மேலிடத்துக்கு அரிப்பு எடுக்காமல் கீழிடத்துக்கு ஆள் வராது. ஆகவே ஆள் போதவில்லை என்று மனுப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நேரில் போய்க் கை குலுக்குங்கள்.