மயில்கழுத்துப் பட்டும் டமால் அண்ணனும்

ஆரணிக்கு ஹெலிகாப்டரே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊர் மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் ஹெலிகாப்டரில்தான் வந்து இறங்கினார்கள். கோட்டை மைதானத்துக்கு மேலே அது வட்டம் போடும். கயிறு விழும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை சரசரவென்று இறங்குவார். அவர் கால் தரையைத் தொட்டதும் பின்னால் வரிசையாகக் கார்கள் வெடிக்கும். மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இத்தனையும் செய்தது ஒரே ஆள். டமால் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடையிலேயே "டமாலு, பாமாயில் வந்துகீது" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பினார்.

கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த காலம். அவர் கல்யாண வீடியோ எடுப்பவர், நான் அவருக்கு லைட் பிடிப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு ஒழுங்காக அமைந்த முதல் வேலை. பந்தல் பற்றிக்கொள்ளுமா, ஒயர் தடுக்கி அய்யர் விழுவாரா, ஷாக் அடித்தால் முதலில் எனக்கா அண்ணனுக்கா என்று யோசித்துக்கொண்டே விளக்கைத் தூக்கிப் பிடிப்பேன்.

மற்ற வீடியோக்காரர்கள் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஓர் இதயத்துக்குள் உட்கார வைத்து, ரோஜா தூவி, ஓரத்தில் அன்னப்பறவையை நீந்தவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். அன்னப்பறவை என்றாலே டமால் அண்ணனுக்கு ஆகாது.

"கல்யாணம்னா இன்னாடா? ஒருத்தன் துணிஞ்சு ஒரு காரியத்துல எறங்குறான். அங்க போயி வாத்து உட்டுகினு இருந்தா எப்படி? வெடிக்க வேணாம்?"

வெடிக்க வைப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், சென்னையிலிருந்து வாங்கி வந்த ஒரு சாஃப்ட்வேர், அப்புறம் அண்ணியின் மளிகைச் சாமான். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திக் கிட்டத்தில் வைத்து எடுப்பார். கம்ப்யூட்டரில் கறுப்பை மட்டும் மறையச் செய்தால் நெருப்பு தனியாக நிற்கும். அதைப் பெரிதாக்கி மாப்பிள்ளை அழைப்புக் காரின் மேல் வைத்தால் கார் பற்றி எரியும். புகைக்கு சாம்பிராணி. பிய்த்துக்கொண்டு பறக்கிற கார்க் கதவு, பானெட், கண்ணாடி எல்லாம் அப்பளம். நான் பொரித்த அப்பளத்தை நொறுக்கி மேலிருந்து போட, அவர் கீழே படுத்துக்கொண்டு எடுப்பார்.

"சாமிக்குக் கற்பூரம் இல்ல, ரசத்துக்கு அப்பளம் இல்ல. கேட்டா ஏதோ காரு வெடிச்சிச்சாம்!" என்று அண்ணி வாசலில் நின்று தெருவுக்கே முறையிடுவார்.

சந்தவாசலில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டோடு வருகிறார். இரண்டு பக்கமும் ஏவுகணை வந்து விழுகிறது. மனுஷன் நெருப்புக்கு நடுவே நடந்து வருகிறார், தட்டிலிருந்து ஓர் ஆப்பிள்கூட உருளவில்லை. சிடியைப் பார்த்த தாய்மாமனுக்கு நடையே மாறிவிட்டது. அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். தோற்றார், அது வேறு விஷயம். ஆனால் நின்றாரே!

டமால் அண்ணனுக்கு ஒரே எதிரி கரண்ட். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அத்தனையும் ஓடும்போது வோல்டேஜ் பாதாளத்துக்குப் போய்விடும். படத்தின் மேல் படமாக அடுக்கி வைத்ததை ஒன்றாக்கிச் சிடிக்கு ஏற்றப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் கம்ப்யூட்டர் நாலு தடவை செத்துப் பிழைக்கும். அதனால் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு லீவு எடுக்கும் அமாவாசையன்றுதான் அவர் அந்த வேலையைச் செய்வார். எங்கள் ஊரில் எந்த முகூர்த்தத்தில் தாலி கட்டினாலும் அமாவாசை கழிந்த பிறகுதான் சிடி வரும். "நல்ல நாள் பாத்துக் கல்யாணம் பண்றோம், அமாவாசை பாத்து சிடி வாங்கறோம்" என்று சனங்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பட்டு முதலாளி வீட்டுக் கல்யாணம் வந்தது. ஊரில் பெரிய கை. அவர் மகள் கோமதி, தேவிகாபுரத்து மாப்பிள்ளை. டமால் அண்ணன் இதற்கென்றே ஒரு புது ஏற்பாடு செய்தார். சாயப்பட்டறையில் கொடுத்துக் கிளிப்பச்சையில் ஒரு பெரிய துணி தயார் பண்ணினார். அதற்கு முன்னால் பொண்ணையும் மாப்பிள்ளையையும் நடக்க விட்டு எடுத்து, கம்ப்யூட்டரில் பச்சையை மறைத்துவிட்டு அந்த இடத்தில் எரிகிற நகரத்தை வைப்பது திட்டம். முந்தின நாளே முதலாளி வீட்டில் போய்ச் சொல்லியும் வைத்தார்.

"பொண்ணு எந்தக் கலர் வேணா கட்டட்டும்ங்க, பச்சை மட்டும் வேணாம்."

"பச்சையெல்லாம் இல்லப்பா. மயில்கழுத்து," என்றார் முதலாளி.

"அப்ப சரிங்க."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் சரியாகத்தான் பட்டது. வேறு ஊர்க்காரன் யாராவது இருந்திருந்தால் புடவையை எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பான். எங்கள் ஊரில் மயில்கழுத்து என்றால் அது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, மயில்கழுத்து. நீளவாக்கில் நீல இழைப் பாவு, குறுக்கே பச்சை இழை ஊடை ஓட்டி நெய்தது. நின்றால் நீலம். திரும்பினால் பச்சை. முதலாளி தன் சொந்தத் தறியில் மகளுக்கென்றே நெய்ய வைத்த புடவை அது.

கல்யாணத்தன்று பச்சைத் துணிக்கு முன்னால் இருவரையும் நடக்க விட்டு எடுத்தோம். அமாவாசை வந்தது, தறிகள் நின்றன, படம் தயாரானது. போட்டுப் பார்த்தோம். நகரம் எரிகிறது. மாப்பிள்ளையும் கோமதியும் கைகோத்து நடந்து வருகிறார்கள். கோமதி லேசாகத் திரும்பினாள். கழுத்துக்குக் கீழே ஆளைக் காணோம்.

"அண்ணே! பொண்ணு உடம்பு போயிடுச்சிண்ணே!"

"கம்முனு இரு. நேரா திரும்பினா வரும்."

வந்தது. மறுபடி போனது. ஒரு முகம், ரெண்டு கை, காற்றில் மிதக்கிற ஜரிகை பார்டர், நடுவில் திகுதிகுவென்று கற்பூரம். திருத்தலாம் என்றால் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் முதலாளியின் டிரைவர் வந்து "சம்மந்தி வீட்டுலேருந்து வந்து குந்திகினு கீறாங்க, ஜல்தி குடுங்க" என்று சிடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டபோது மாமியார்க்காரி "அய்யோ, பொண்ணு எங்க?" என்று அலறியதும், ஒரு பெரியவர் டிவிக்கே திருநீறு வீசியதும் எங்களுக்கு அப்புறம் தெரிய வந்தது. மறுநாள் காலையில் ஆள் வந்தது. கேமராவையும் லைட்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்களாம்.

"அண்ணே, காலுல உழுந்துடலாம். வேணும்னா நான் மொதல்ல உழறேன்," என்றேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கூடம் நிறையப் பட்டுக்காரர்கள். சம்மந்தி வீட்டாரும் போகாமல் இருந்தார்கள். முதலாளி தரையைக் காட்டினார்.

"கேமராவை இங்க வெய்யி. என் பொண்ணுக்கு நான் நெய்ய வெச்ச பட்டையே இல்லாம பண்ணிட்ட. எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளு. இனிமே கம்ப்யூட்டர்ல கை வெக்க மாட்டேன், உள்ளத உள்ளபடி எடுப்பேன்னு சொல்லு. சொல்லிட்டு எடுத்துகினு போ. இல்லன்னா இந்த ஊர்ல பட்டுக்காரன் ஒருத்தன் வீட்டுலயும் நீ தொழில் பண்ண முடியாது."

டமால் அண்ணன் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பொண்ணு காணாமப் போனது என் தப்புங்க. மயில்கழுத்துல பச்சை ஓடுறத நான் யோசிச்சிருக்கணும். அதுக்கு எத்தினி தபா வேணா மன்னிப்பு கேக்கறேன். ஆனா வெடிச்சதுக்குக் கேக்க மாட்டேன்."

"இன்னாது?"

"உள்ளபடின்றீங்களே, உள்ளபடி மாப்பிள்ளை கொட்டாவி உட்டுகினு இருந்தாரு. நீங்க பந்தில யாரு கூடவோ கத்திகினு இருந்தீங்க. அத போட்டுக் குடுக்கவா? இங்க வர்றவன் எல்லாம் ஒரு நாளாச்சும் தன்னைப் பெருசா பாக்கணும்னு வரான். அத நான் காட்டுவேன். பட்டுக்காரர் வீடு இல்லன்னா கருமாதி வீட்டுல போய் வெடிக்கறேன்."

கருமாதி வீட்டில் எப்படி வெடிப்பது என்ற கவலை எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. கூடத்தில் இரைச்சல். "எவ்ளோ திமிரு பாரு!", "மெஷினைப் புடுங்குங்கடா!" முதலாளி எழுந்தே விட்டார்.

உள்ளிருந்து கோமதி வந்தாள்.

"அப்பா, அந்த சிடி எனக்கு வேணும்."

"நீ உள்ள போம்மா."

"போறேன். சொல்லிட்டுப் போறேன். மணையில குந்தினதுலேருந்து வந்தவங்க எல்லாரும் இன்னா ஜரிகை, எந்தத் தறி, எவ்ளோ எடைன்னு கேட்டுகினு பட்டைத்தான் பாத்தாங்க. ஒருத்தர் என்னை நிமிந்து பாக்கல. நேத்து அந்தப் படத்துலதான்ப்பா பொடவை மறைஞ்சிச்சி, எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க."

தேவிகாபுரத்து மாமியார் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு சொல்றது வாஸ்தவம்தாங்க. இவளுக்குக் கன்னத்துல குழி உழறதே எனக்கு நேத்துதான் தெரிஞ்சிது."

முதலாளி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உட்கார்ந்தார். சின்னக் குரலில், "அப்ப என் பட்டு?" என்றார்.

"வேற சிடில தனியா போட்டுத் தரேங்க. பட்டு மட்டும்," என்றார் டமால் அண்ணன். "அதுல வேணும்னா ஒண்ணும் வெடிக்காது."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, போகச் சொல்லிக் கையை மட்டும் அசைத்தார்.

வெளியே வந்து சூரிய குளத்துப் பக்கம் நடந்தோம். அண்ணன் தரையைப் பார்த்தபடியே வந்தார். ஜெயித்துவிட்டு வருகிற ஆள் இப்படியா நடப்பார் என்று பார்த்தேன். கேமராவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"டேய், அந்தப் பொண்ணு வராம இருந்திருந்தா நாம இன்னாடா பண்ணியிருப்போம்?"

வழக்கமாக நான் கேட்கிற கேள்வி. அதை அவர் வாயால் கேட்டதும், எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"இன்னா பண்ணுவோம்? இந்த ஊரு இல்லன்னா தெள்ளாருக்குப் போயி வெடிப்போம்ணே," என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் கண் நிறைந்துவிட்டது. நான் லைட்டை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேமராவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது.