மெஷின் வாய்க்கு அடங்காத பயிர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இல்லை, வீட்டை யாரும் இடிக்கவில்லை. நான் அனுப்பிய படத்தில் அது மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குள் அம்மாவும் நானும் நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விறகு விளைவிக்கிறேன் என்று உங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டவள் நான். வேரில்லாத குச்சிகள். மண்ணில் செருகினேன். மூன்றாம் ஆண்டு மெஷின் வந்து கரும்பு மாதிரி அறுக்கும், சில்லுகளாக்கும், மின்நிலையத்துக்கு அனுப்பும். அவ்வளவுதான் திட்டம்.

மழை வந்தது. மெஷின் வரப்பிலேயே புதைந்தது, அதை இழுக்க வந்த டிராக்டரும் புதைந்தது, மெஷின்காரர் இரண்டையும் பார்த்துட்டு மண் இறுகட்டும்மா, அப்புறம் வர்றேன்னு போயிட்டார், நானும் சரின்னு காத்திருந்தேன், ஆனா மண்ணை இளக்கின அதே மழையைத்தான் மரங்களும் குடிச்சிருக்கு, மண் இறுகி மறு வருஷம் அவர் திரும்பி வந்தப்போ ஒவ்வொண்ணும் என் தொடைப் பருமன்.

"இது என் மெஷின் வாயில நுழையாதும்மா. மரம் அறுக்கிறவரைக் கூப்பிடுங்க."

மரம் அறுக்கிறவரும் வந்தார். ஒன்றை வெட்டிப் பார்த்தார். "இதுல ஒரு முக்காலி தேறாது. வளர்ந்தப்புறம் சொல்லுங்க."

வெட்ட அனுமதி கேட்டுப் போனேன். விவசாய அலுவலகத்தில் இது காடு. வன அலுவலகத்தில் இது பயிர். இரண்டு இடத்திலும் உட்காரச் சொன்னார்கள்.

நிழல் என் பயிர்மேல விழுதுன்னு பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தார். பேசிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். சண்டை பாதியில் நின்றுவிட்டது. இருவரும் நிமிர்ந்த கழுத்தோடு நின்றோம்.

காலையில் கதவைத் திறக்கிறேன். பச்சை. அதற்கு மேலும் பச்சை. எங்கோ ஒரு துண்டு வானம். செருகியது இந்தக் கைதானா, சித்தப்பா? பெருமைப்படக்கூட பயமாக இருக்கிறது.

இருந்தாலும், சோளமே போதும் என்று அன்று நீங்கள் சொன்னதே சரி. வேரோடு பிடுங்க ஆள் அனுப்புங்கள். பழையபடி சோளம் போடுங்கள். குத்தகையை நீட்டிக்கக் கேட்கமாட்டேன். "ஆள் எதுக்கு, அவரே வரட்டும். சொந்த வீட்டுக்கு வழி கேட்டு வரட்டும்" என்கிறாள் அம்மா.

சித்திக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, பிடிகொடுத்தால், ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். மரம் அறுக்கிறவர் வெட்டிப் பார்த்த அந்த ஒற்றை அடிக்கட்டையில் கொத்துக் கொத்தாகத் துளிர். வெட்டியதே தெரியாதது போல. மெஷின்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து தொட்டுப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒரு தடவை கையால வெட்டிடுங்க. அடுத்து வர்றது என் மெஷினுக்கு அடங்கும்." மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆள் வேண்டாம். குத்தகை வேண்டும். அனுமதி எதற்கு, இது பயிர் என்று வன அலுவலகமே சொல்லிவிட்டதே. பக்கத்து வயல்காரரிடம் ரம்பம் இரவல் வாங்கினேன். வடக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன்.